வியாபாரப் பயணத்தில் கண்ட கொங்கு நாடு

சுற்றுலா செல்பவர் இடங்களைத் தேடிப் போகிறார். பிழைப்புக்காகச் செல்பவருக்கோ இடங்கள் வழியிலேயே கிடைக்கின்றன. கோடை விடுமுறையில் ஜவுளி வியாபாரியான என் மாமாவுடன் மூன்று நாட்கள் சுற்றியபோது இதை உணர்ந்தேன். போர்வையும் ஜமக்காளமும் கொள்முதல் செய்வது அவர் தொழில். கணக்கு நோட்டைச் சுமப்பது என் வேலை.

“பெரிய போர்டைப் பாக்காதே மாப்ளே! சந்தைக்கு வந்த சனம் எங்கே உக்காந்து சாப்பிடுதுன்னு பாரு” என்பது மாமாவின் சூத்திரம்.

முதல் நாள் அவினாசி. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டதாகப் புராணம் கூறும் தலம் இது. கோயிலைத் தரிசித்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டோம். அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்து இறங்குவது அது. மேலே ஒரு கரண்டி நெய். காட்டு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு இதைவிடச் சுருக்கமான சமையல் உண்டா?

ஆனால் இந்த அரிசியே கொங்கு நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு காலத்தில் விருந்துப் பொருள். இது மழை குறைந்த புன்செய் பூமி. கம்பும் சோளமும் ராகியுமே அன்றாட உணவு. குறைந்த ஈரத்திலும் விளையும் கொள்ளு, மனிதருக்குப் பருப்பும் ரசமுமாகும். காங்கேயம் காளைக்குத் தீனியுமாகும். 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 2 லட்சம் ஏக்கருக்கு நீர் கொண்டுசென்றது. நெல்லும் மஞ்சளும் புதிய வயல்களில் விளைந்தன. தண்ணீர் வந்ததும் தட்டிலிருந்த சோறும் மாறியது.

மறுநாள் சென்னிமலையில் போர்வை வாங்கும் வேலை முடிந்ததும், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குச் சென்றோம். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர் ஆய்வாளர். இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடம், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவை இங்கே அகழாய்வில் வெளிப்பட்டன. 2,000 ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்குச் சரக்கு கொண்டுசென்ற வணிகர்களும் மாமாவைப் போல் இங்கே பசியாறியிருப்பார்கள்!

அன்று மதியம் அருகிலிருந்த சிற்றூரில், ராகிக் களியும் கீரைக் கடைசலும் பரிமாறிய அம்மாளிடம், “கிணற்றுத் தண்ணீரா?” என்று கேட்டேன்.

“கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாதுங்க கண்ணு. சோத்துக்குக் காவேரித் தண்ணி குழாய்ல வருதுங்க” என்றார்.

காரணத்தை மாமா விளக்கினார். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டப்பட்டது. அதில் தேங்கியதோ சாயக்கழிவு. சுற்றிலும் கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின. சாயக்கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. “நாம விக்கிற துணியும் சாயத்துலதான் மாப்ளே முங்கி வருது” என்று சொன்ன மாமா, அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

மூன்றாம் நாள் பவானி. காவிரியும் பவானியும் கூடும் துறையில் சங்கமேசுவரர் கோயில். ஊருக்குள் தறிச்சத்தம், வண்ணப் பட்டைகள் ஓடும் ஜமக்காளங்கள். காலை உணவுக்குச் சந்தகை. இடியாப்பத்தைப் பிழிந்தபின் வேகவைப்பர். சந்தகையை வேகவைத்தபின் சூட்டோடு பிழிவர். அச்சை அழுத்தப் பலம் வேண்டும். ஆகவே வீட்டில் இருவர் சேர்ந்தே செய்வர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து உண்டோம்.

நண்பர்களே! நாளை நாமும் வேலை நிமித்தம் ஊர் ஊராய்ச் செல்வோம். அப்போது கோயிலையும் கோட்டையையும் காண்போம். நல்ல சாப்பாட்டையும் தேடுவோம். கூடவே, அந்தச் சோறு எந்தத் தண்ணீரில் வெந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்போம். ஓர் ஊரின் கதையில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.