டேபிள் மேல நூடுல்ஸ் சாமி வெக்கலாமா?

போன வாரம் தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்க சிட்லபாக்கம். குரூப் 4 எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

அவங்க சொன்னது இதுதான்: "அண்ணா, எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ் போயிருந்தேன். ஒரு டேபிள்ல பிள்ளையார், அடுத்த டேபிள்ல வேளாங்கண்ணி மாதா, பீரோ மேல 786 ஸ்டிக்கர். நாளைக்கு எனக்கு வேலை கிடைச்சா, என் டேபிள்ல பறக்கும் நூடுல்ஸ் சாமி பொம்மை வெக்கலாம்னு இருக்கேன். அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

கேட்டதும் சிரிச்சுட்டேன். ஆனா ரெண்டு நாளா அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிட்டு இருந்தது. அதனால இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, யாரு இந்த நூடுல்ஸ் சாமி? 2005-ல அமெரிக்காவோட கான்சஸ் மாநிலத்துல, பரிணாமக் கொள்கையோட சேர்த்து 'யாரோ ஒருத்தர் திட்டம் போட்டுத்தான் உயிர்களைப் படைச்சார்'ங்கிற கருத்தையும் ஸ்கூல்ல பேசணும்னு ஒரு விவாதம் நடந்தது. பாபி ஹெண்டர்சன்னு ஒரு இளைஞர் கல்வி வாரியத்துக்கு லெட்டர் போட்டார். 'சரி, உலகத்தைப் படைச்சது பறக்கும் ஸ்பாகெட்டி அரக்கன்னு நாங்க நம்பறோம். அதையும் பாடத்துல சேருங்க.' அந்தக் கிண்டல்ல இருந்து கிளம்பினதுதான் இந்த மதம். இவங்க தலையில வெச்சுக்கிற புனித அடையாளம், நூடுல்ஸ் வடிக்கிற வடிதட்டு!

இது அரசாங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு. ஆஸ்திரியாவுல நிகோ ஆல்ம், 2011-ல வடிதட்டு மாட்டின போட்டோவோட டிரைவிங் லைசென்ஸ் வாங்கினார். 'முகம் முழுசா தெரியுது, அதனால கொடுத்தோம். மதத்துக்காக இல்லை'ன்னு அதிகாரிகள் சொன்னாங்க. 2013-ல அவர் எம்.பி.யும் ஆனார். நியூயார்க் மாநிலத்துல பாம்ஃப்ரெட்ங்கிற சின்ன ஊர்ல, 2014 ஜனவரியில கிறிஸ்டோபர் ஷேஃபர் வடிதட்டைத் தலையில வெச்சுக்கிட்டே கவுன்சில் உறுப்பினரா பதவியேற்றார். நியூசிலாந்து 2015-ல இவங்களுக்குக் கல்யாணம் நடத்தி வைக்க அனுமதி கொடுத்தது. நெதர்லாந்துல 2018-ல உச்ச நிர்வாக நீதிமன்றம், 'இது மதம் இல்லை'ன்னு சொல்லிடுச்சு.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. எது நிஜ மதம், எது விளையாட்டுன்னு யார் முடிவு பண்றது? நம்ம ஊர்ல இந்தக் கேள்வி நூடுல்ஸ் சாமிக்கு 50 வருஷம் முன்னாடியே கோர்ட்டுக்குப் போயிடுச்சு.

1953 மே மாசம், திருச்சியில ஒரு பொதுக்கூட்டத்துல பெரியார் களிமண் பிள்ளையார் சிலையை உடைச்சார். அவர் புதுசா சாமி எதையும் உருவாக்கலை. இருக்கிற சாமி வெறும் மண்ணுதான்னு காட்டினார். வீரபத்திரன் செட்டியார் வழக்குப் போட்டார். 'பிள்ளையார் மாதிரி இருக்கிறதாலேயே ஒரு மண் பொம்மை புனிதப் பொருள் ஆயிடாது'ங்கிற மாதிரி கீழ் கோர்ட்டுகள்ல தள்ளுபடி ஆச்சு. 1958-ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பார்வை ரொம்பக் குறுகலா இருக்குன்னு சொன்னது. கோயில்ல பிரதிஷ்டை பண்ணின சிலையா இருக்கணும்னு இல்லை. ஒரு பிரிவு மக்கள் புனிதமா நினைச்சா போதும். அந்த நம்பிக்கையில நீதிபதிக்கு உடன்பாடு இருக்கா, அது பகுத்தறிவுக்கு ஒத்து வருதாங்கிறதெல்லாம் கணக்கே இல்லை. ஆனா, சம்பவம் நடந்து அஞ்சு வருஷம் ஆயிட்டதால வழக்கை மேற்கொண்டு நடத்த வேண்டாம்னும் அதே கோர்ட் முடிச்சு வெச்சது.

இப்போ, அதே இயக்கத்துல இருந்து வந்தவங்க நாற்காலியில உக்காந்தப்போ என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ, 1968-ல, அரசு அலுவலகங்கள்ல இருக்கிற சாமி படங்களைப் படிப்படியா எடுத்துடணும்னு சுற்றறிக்கை போனது. சாமி படத்துக்குப் பதிலா கிண்டல் படம் மாட்டச் சொல்லலை. சுவரை வெறுமையா விடச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1970-ல, பல வருஷமா ஓடாம நின்ன திருவாரூர் ஆழித்தேர் மறுபடி ஓடினது கலைஞர் ஆட்சியில. அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைன்னு ஊருக்கே தெரியும். ஆனா தேர் ஊரோடது, அவர் அந்த ஊருக்கும் முதலமைச்சர்.

பதவிப் பிரமாணத்துலயும் இதே கதைதான். 1949 அக்டோபர்ல, அரசியலமைப்போட முகவுரையைக் 'கடவுளின் பெயரால்'னு ஆரம்பிக்கணும்னு எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில திருத்தம் கொண்டு வந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோத்துடுச்சு. ஆனா பதவிப் பிரமாணத்துல ரெண்டு வாசல் வெச்சாங்க: கடவுள் பேரால ஆணையிடலாம், இல்லை உளமார உறுதி கூறலாம். 2011-ல ஜெயலலிதா ஆண்டவன் பேரால பதவியேற்றாங்க. 2021-ல ஸ்டாலின் உளமார உறுதி கூறினார். 2022 மார்ச் 2-ம் தேதி, நம்ம தாம்பரம் மாநகராட்சியோட முதல் மாமன்றத்துக்கு 70 வார்டு கவுன்சிலர்கள் பதவியேற்றாங்க. யார் எந்த வாசல் வழியா உள்ள போனாலும், விசுவாசம் அரசியலமைப்புக்குத்தான்.

மூணாவது வாசல் உண்டா? கேரளாவுல 2001-ல உமேஷ் சள்ளியில்னு ஒரு எம்.எல்.ஏ., ஸ்ரீநாராயண குரு பேரால பிரமாணம் எடுத்தார். அது செல்லாதுன்னு 2003-ல கேரள ஹைகோர்ட் சொன்னது. லட்சக்கணக்கான பேர் கும்பிடற குருவுக்கே இடம் இல்லைன்னா, நூடுல்ஸ் சாமிக்கு எங்க இருந்து வரும்? எனக்கு அது அநியாயமா தோணலை. மதத்துக்குன்னு தனியா சலுகை கொடுக்கிற இடத்துல, 'எங்களுக்கும் கொடு'ன்னு கேட்டுத்தான் வடிதட்டு வருது. நம்ம பிரமாணத்துலதான் நம்பாதவங்களுக்கு நேர் வாசலே இருக்கே.

சரி, சிட்லபாக்கம் தங்கச்சி, உங்க கேள்விக்கு வரேன். நீங்க கேட்டதுல பாதி நூத்துக்கு நூறு நியாயம். 1968 சுற்றறிக்கை போய் இத்தனை வருஷம் ஆகியும் படங்கள் சுவர்ல இருக்கு. அதைக் கேளுங்க. எழுத்துல கேளுங்க.

ஆனா பொம்மை வேண்டாம்மா. பெரியார் மேடையில நின்னப்போ அவர்கிட்ட பதவி இல்லை. கிண்டல் அவரோட ஆயுதம். உங்க டேபிளுக்கு எதிர்ல நிக்கப் போறவங்க கையில விண்ணப்பம்தான் இருக்கும், சீல் உங்க கையில. விபூதி பூசின ஒரு தாத்தா முதியோர் பென்ஷனுக்காக வந்து நிக்கிறார்னு வெச்சுக்கோங்க. அந்தப் பொம்மையைப் பார்த்ததும், 'இந்தப் பொண்ணு நம்மளைக் கேலி பண்ணுது, வேலை நடக்குமா?'ன்னு ஒரு நிமிஷம் பயப்படுவார். பிள்ளையார் படத்தைப் பார்த்து ஒரு பாய்க்கோ, கருப்புச் சட்டைக்காரருக்கோ வர்ற பயமும் அதேதான். அந்தப் பயம் உங்களுக்கும் வந்ததாலதானே எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பினீங்க?

ஆயுத பூஜை வந்தா? கும்பிடணும்னு கட்டாயம் இல்லை. அரசியலமைப்போட 25-வது பிரிவு ஆரம்பிக்கிறதே மனசாட்சிச் சுதந்திரத்துலதான். ஓரமா நில்லுங்க, பொரி கொடுத்தா வாங்கிக்கோங்க. ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.

மத்தவங்க, உங்க ஏரியா ஆபீஸ் சுவர்ல என்ன மாட்டியிருக்கு? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் பேசுவோம்.