சுண்டெலியிடம் ‘இறுக்கிப் பிடி’ என்று எப்படிச் சொல்வது? - தசைநோய் ஆய்வில் ஒரு சின்ன இழுபறி!

குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் தோட்டங்களில் வெளிச்சம் தெரியும். தலையில் லைட் மாட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் அவர்கள். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். கைப்பிடிதான் அந்த வேலைக்கு மூலதனம்.

அந்தக் கைப்பிடியைச் சோதிக்க டாக்டருக்கு ஒரு வார்த்தை போதும். “என் விரலை இறுக்கிப் பிடிங்க” என்பார். ஆனால், தசைநோய்க்கான புதிய மருந்துகள் பலவும் முதலில் சுண்டெலிகளிடம்தான் சோதிக்கப்படுகின்றன. அவற்றின் பலத்தை எப்படி அளப்பது?

யாருக்காக இந்த ஆய்வு?

‘டூஷென் தசைச்சிதைவு’ பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபணு நோய். தசையைக் காக்கும் ‘டிஸ்ட்ரோஃபின்’ என்ற புரதம் உடலில் உருவாகாது. பிள்ளை அடிக்கடி விழுவான். மாடிப்படி ஏறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுவான். பலருக்கு 12 வயதுவாக்கில் சக்கர நாற்காலி தேவைப்படும்.

1984-ல் தசை பாதிப்புள்ள ‘எம்.டி.எக்ஸ்’ என்ற சுண்டெலி வகை பற்றிய ஆய்வு வெளியானது. டிஸ்ட்ரோஃபின் 1987-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தச் சுண்டெலிகளிடமும் அதே புரதம் இல்லை என்பது தெரிந்தது.

கம்பியும் வலையும்

சுண்டெலியை வாலைப் பிடித்துக் கம்பியருகே கொண்டுபோனால், அதுவாகவே முன்கால்களால் பற்றிக்கொள்ளும். மெல்லப் பின்னால் இழுப்பார்கள். பிடி விடும்வரை அது காட்டிய அதிகபட்ச விசையைக் கருவி பதிவு செய்யும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி, தன் எடையைப்போலச் சில மடங்கு விசையைத் தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று, தொங்கவிடும் சோதனை. கம்பிவலையில் சுண்டெலியை விட்டு, வலையைத் தலைகீழாகத் திருப்புவார்கள். எத்தனை விநாடி தாங்குகிறது என்பதுதான் கணக்கு. விழுந்தால் அடிபடாமலிருக்கக் கீழே மெத்தென்ற விரிப்பு இருக்கும்.

இதில் ஒரு சிக்கல்... வேகமாக இழுத்தால் ஓர் அளவு, மெதுவாக இழுத்தால் வேறோர் அளவு. சுண்டெலிக்குப் பிடிக்க மனமில்லை என்றாலும் அளவு குறையும். அதனால் ஒருவரே பலமுறை இழுத்துப் பார்ப்பார். எடைக்கு ஏற்பக் கணக்கிடுவார்கள். மருந்து சாப்பிட்ட சுண்டெலி எது என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால், கை தன்னையறியாமல் சாதகமாக இழுத்துவிடலாம்!

இன்னும் துல்லியம் வேண்டுமானால், கால் தசையைத் தனியே எடுத்து, ஆக்சிஜன் கலந்த உப்புக்கரைசலில் வைத்து மின்தூண்டல் கொடுப்பார்கள். அங்கே மனமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம்.

செய்தியைப் படிக்கும்போது...

எம்.டி.எக்ஸ் சுண்டெலிகளுக்கு நோயின் தீவிரம் குழந்தைகளைவிடக் குறைவு. சுண்டெலிக்குப் பலித்த மருந்து பிள்ளைக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ‘எலியில் வெற்றி’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அது முதல் படி மட்டுமே. அதை நம்பிப் பணத்தைக் கொட்டவோ, நடக்கும் சிகிச்சையை நிறுத்தவோ வேண்டாம்.

பிள்ளை அடிக்கடி விழுகிறானா? ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். ‘சி.கே’ என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.