பட்டிழையைவிட மெல்லிய சீவல்

சென்ற வாரம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். தறிக்குழியில் கால், கையில் நாடா, பாதி நெய்த முந்தானை. கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட வந்த செவிலியரிடம் தறியில் இருந்த பெண் கேட்டார்: "வலி ஒண்ணும் இல்லையேக்கா, நான் எதுக்கு வரணும்?"

வலி இல்லாதபோதுதான் வர வேண்டும். ஏன் என்பதை அறிய, கருப்பைவாயிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு துளி சதையின் பின்னாலேயே போவோம். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் நிற்கிறதே அரசு புற்றுநோய் மருத்துவமனை, அங்கே வருகிறவர்களின் கதையும் இப்படி ஒரு துளியில்தான் தெரியவருகிறது.

சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, கத்தியால் சீவுகிறார்கள். சீவலின் தடிமன் மூன்று, நான்கு மைக்ரான். பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் ஒற்றை இழைகூட இதைவிடத் தடிமன். வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் அந்தச் சீவல் மூச்சுக்காற்று பட்டாலே மடங்கிவிடும். கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமேற்றினால், சில செல்களில் உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். எச்.பி.வி. எனும் மனித பாப்பிலோமா வைரஸ் குடியேறிய தடயம் அது.

உறுதிசெய்ய, வைரஸின் டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டும் துணுக்கைச் சீவலின்மேல் விடுகிறார்கள். உட்கரு முழுக்க நிறம் பரவினால் வைரஸ் தனியாகத் திரிகிறது. புள்ளியாக நின்றால் செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்துவிட்டது, கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பூட்டிக்கொள்வதுபோல. அதன்பின் வைரஸின் இரண்டு புரதங்கள், செல் பெருக்கத்தைத் தடுக்கும் காவல் புரதங்களை ஓயாமல் முடக்குகின்றன.

1970களில் பலரும் ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகித்தார்கள். ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் குழு 1983இல் எச்.பி.வி. 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுக்கட்டிகளில் கண்டுபிடித்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால் வருவதுதான். 2008இல் அவருக்கு நோபல் பரிசு.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது? இங்கேதான் நம் வீடுகளில் குரல் தாழ்கிறது. உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் பரவுகிறது. இருமலாலோ, சாப்பாட்டுத் தட்டாலோ அல்ல. ஆணிடம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து மனைவிக்கு வரும். ஒரே கணவனோடு வாழ்ந்தவருக்கும் வரும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை எடைபோடுவது அநியாயம். அப்படி எடைபோடுவார்களோ என்ற பயத்தாலேயே பரிசோதனைக்கு வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான தொற்றை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் விரட்டிவிடும். தங்கிவிட்டால் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு காலமும் வலி இராது. அதற்குள் பிடிக்கலாம் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைப் பார்த்தார்கள். வெளுத்த இடங்களை மேற்கொண்டு சோதித்துச் சிகிச்சை அளித்தார்கள். 2007இல் வெளியான இந்த ஆய்வின் முடிவின்படி, ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததிலேயே இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

செவிலியர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் நாடாவைக் கீழே வைத்தார். "வர்றேன்க்கா. ஆனா இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

கணவர் பாவு வாங்க சங்கத்துக்குப் போயிருந்தார். "அவர் வரட்டும்மா, நானே சொல்றேன்" என்று செவிலியர் திண்ணையில் உட்கார்ந்தார்.

(தொடரும்)