வாங்குதலும் வாழ்தலும்: 'வால்-ஈ' அசைவூட்டப் படத்தில் நுகர்வு எதிர்ப்புச் சிந்தனை

முன்னுரை

அசைவூட்டப் படங்கள் சிறுவர்களின் பொழுதுபோக்குக்கு உரியவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. எனினும், அறிவியல் புனைவாக அமைந்த குடும்பப் படங்கள் சில, பெரியவர்களும் எதிர்கொள்ளத் தயங்கும் வினாக்களை எழுப்புகின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, பிக்சார் நிறுவனம் தயாரித்து டிஸ்னி நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வால்-ஈ'. ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய இப்படம், சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது. இப்படம் நுகர்வுப் பண்பாட்டை எவ்வாறு விமர்சிக்கிறது என்பதையும், பெருவணிக நிறுவனம் ஒன்றின் படைப்பில் எழும் அவ்விமர்சனம் எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைப் பின்னணி

'பை என் லார்ஜ்' என்னும் கற்பனை நிறுவனம் வணிகத்தையும் அரசாட்சியையும் ஒருங்கே கைப்பற்றிவிடுகிறது. அதன் பொருள்களை வாங்கிக் குவித்ததன் விளைவாகப் பூமி குப்பைமேடாகிறது. பூமியைத் தூய்மைப்படுத்தும்வரை ஐந்தாண்டு விண்வெளி உலா என்று கூறி மக்கள் விண்கலங்களில் ஏற்றப்படுகின்றனர். ஐந்தாண்டுகள் எழுநூறு ஆண்டுகளாக நீள்கின்றன. பூமியில் இயங்கி எஞ்சியிருப்பது, குப்பையை அழுத்திக் கட்டிகளாக்கி அடுக்கும் வால்-ஈ என்னும் சிறிய இயந்திரம் மட்டுமே. உயிரின் அறிகுறியைத் தேடி ஈவ் என்னும் ஆய்வு இயந்திரம் அங்கு வந்திறங்க, வால்-ஈ தான் பழைய காலணியொன்றில் வைத்துக் காத்த செடியை அதனிடம் காட்டுகிறது. அச்செடியே மனிதர் பூமிக்குத் திரும்புவதற்குக் காரணமாகிறது.

பொருளின் மதிப்பு

படத்தின் முற்பகுதியில் உரையாடல் மிகக் குறைவு. சொல்லால் அறிவுறுத்தாமல் காட்சியால் உணர்த்தும் இம்முறையே அதன் வலிமை எனலாம். குப்பையினிடையே வால்-ஈக்கு வைர மோதிரம் அடங்கிய சிறு பெட்டியொன்று கிடைக்கிறது. அது மோதிரத்தை வீசியெறிந்துவிட்டு, திறந்து மூடக்கூடிய பெட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. சந்தை ஒரு பொருளுக்கு இட்ட விலையும் அப்பொருள் ஓர் உயிருக்குத் தரும் மகிழ்ச்சியும் வெவ்வேறு என்பதை இக்காட்சி ஒரு சொல்லும் இன்றி விளக்குகிறது. பழுதடைந்த பிற இயந்திரங்களின் உறுப்புகளைக் கொண்டு தன்னைச் செப்பனிட்டுக் கொள்வதும், சூரிய ஒளியால் ஆற்றல் பெறுவதும் இதே சிந்தனையின் தொடர்ச்சியாகும். வாங்கி எறியும் வாழ்க்கைக்கு மாற்றாக, பேணிப் பயன்படுத்தும் வாழ்க்கை இங்கே முன்வைக்கப்படுகிறது.

நுகர்வோராக எஞ்சிய மனிதர்

'ஆக்சியம்' விண்கலத்தில் வாழும் மனிதர்கள் மிதக்கும் நாற்காலிகளில் சாய்ந்தவாறே பானங்களை அருந்துகின்றனர். அருகருகே இருந்தும் திரைவழியே பேசிக்கொள்கின்றனர். சிவப்பு உடையை விடுத்து நீல உடைக்கு மாறுங்கள் என்று அறிவிப்பு எழுந்தவுடன் அனைவரும் மாறிவிடுகின்றனர். குழந்தைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கும்போதே நிறுவனத்தின் பெயரும் கற்பிக்கப்படுகிறது. விருப்பம்போலத் தேர்ந்தெடுப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் தேர்வு அவர்களுடையதன்று. பூமி இழந்தது மண்ணின் வளத்தை; மனிதர் இழந்தது உழைப்பையும் உறவையும் என இரண்டையும் ஒரே நோயின் கூறுகளாகப் படம் காட்டுகிறது. திரை அணைந்த பிறகே மேரி என்னும் பெண் தன்னைச் சுற்றியுள்ள இடத்தை முதன்முறையாகக் காண்கிறாள். இயந்திரங்கள் மனிதரைவிட மனிதத்தன்மை உடையனவாக இருப்பது இங்கு முரண்சுவையாகிறது. அதேவேளை, மனிதரின் பருத்த உடலை நகைப்புக்குரியதாக்கியமை விமர்சனத்துக்கும் உள்ளானது.

படைப்பும் வணிகமும்

நுகர்வைக் கண்டிக்கும் இப்படத்தின் பெயரிலேயே பொம்மைகளும் பிற பொருள்களும் விற்பனைக்கு வந்தன. இம்முரண் இப்படத்துக்கு மட்டும் உரியதன்று. மரங்களைக் காக்க வலியுறுத்திய 'தி லோராக்ஸ்' அசைவூட்டப் படம் 2012ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதன் பாத்திரங்கள் மாஸ்டா மகிழுந்து விளம்பரத்தில் தோன்றியமை கடும் கண்டனத்துக்கு ஆளானது.

எனினும், 'வால்-ஈ' தன் முரணை அறியாத படைப்பன்று. இறுதி எழுத்துகளுக்குப் பின் 'பை என் லார்ஜ்' நிறுவனத்தின் சின்னமே திரையில் தோன்றுகிறது. நாம் பார்த்து முடித்த படமும் அந்நிறுவனத்தின் சரக்கே என்று நகைக்கும் தற்கேலி அது. மற்றொரு குறை இதனினும் ஆழமானது. பூமியைப் பாழாக்கிய நிறுவனம் இறுதிவரை எவருக்கும் பதில் சொல்வதில்லை. இலாபம் அடைந்தவர் யார் என்று எவரும் கேட்பதுமில்லை. அன்பும் தனிமனித விழிப்புமே தீர்வாகின்றன.

முடிவுரை

பொம்மை விற்பனையைக் காட்டி இப்படத்தின் கருத்தை முற்றாக ஒதுக்குவது பொருந்தாது. மோதிரத்தை எறிந்து பெட்டியைப் பேணும் காட்சி குழந்தையின் மனத்தில் பதியுமாயின், அதனை எந்த விளம்பரமும் எளிதில் அழித்துவிட இயலாது. ஆயினும், படம் எழுப்பாமல் விட்ட வினாவை எழுப்பும் பொறுப்பு அதனைக் காட்டும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. குப்பையை அகற்றியது யார் என்பதோடு, அதனைக் குவித்தது யார், குவித்ததால் பயனடைந்தது யார் என்பதையும் குழந்தைகள் கேட்கப் பழகும்போதே இத்தகைய படங்களின் பயன் முழுமை பெறும்.