வரட்டும்… வரட்டும்… ஹோல்டான்!

ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறாள். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். லீவு நாளில் அவரோடு ஒரு குடோனுக்குப் போயிருக்கிறாள். "வண்டியின் வால் வலதுபக்கம் போகவேண்டும், அப்பா ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்புகிறார். கேட்டால் 'அது அப்படித்தான் பாப்பா' என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள் சார்."

அப்பா சொன்னதில் தப்பில்லை. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் பின்பக்கமும் வலப்புறம் போகும். டிரெய்லரில் இஞ்சின் வண்டிக்கும் சுமை வண்டிக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. இஞ்சின் வண்டியின் பின்பக்கம் வலப்புறம் போகும்போது அந்த மூட்டையும் சேர்த்துத் தள்ளும். தலை வலப்புறம் தள்ளப்பட்டதும் டிரெய்லர் தன் சக்கரங்களின் மேல் சுழன்று, வாலை இடப்புறம் வீசும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள்: ஸ்டியரிங்கின் அடியில் கையை வை, வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிதான் வித்தை. சின்ன வயதில் ஒட்டடைக்குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு கிணற்றடியிலிருந்து வாசல்வரை நடப்பேன். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கை ஓடவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் குச்சி அம்மாவின் துளசி மாடத்தில் விழும். டிரெய்லரும் அப்படித்தான். இழுக்கும்போது அது தானாக நேராகிவிடும்; தள்ளும்போது சின்னக் கோணலும் வளர்ந்துகொண்டே போகும். வாலை வளைத்த மறுகணமே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, டிரெய்லரைத் துரத்திக்கொண்டு போகவேண்டும். விட்டால் பேனாக்கத்தி மாதிரி மடங்கி, கேபின் கன்டெய்னரின் மூலையில் முட்டிக்கொள்ளும். அந்தக் கோணம் வந்தபிறகு ஸ்டியரிங்கை எப்படித் திருப்பியும் பயனில்லை. முன்னால் இழுத்து நேராக்கிக்கொள்வது ஒன்றே வழி. வேடிக்கை பார்க்கிறவர்கள் அதைத் தோல்வி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது தோல்வி இல்லை, வேலையின் ஒரு பகுதி.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாற்பதடி டிரெய்லரைவிட இருபதடிக்கான குட்டை டிரெய்லரைத்தான் பின்னால் எடுப்பது கஷ்டம். நம்பாதவர்கள் ஒட்டடைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பென்சிலை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். நீளமானது நிதானமாகச் சாயும், யோசிக்க அவகாசம் தரும். குட்டையானது தராது.

இந்த வித்தையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ என்ற இருவர், இன்று செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் பேசுகிற நரம்பு வலைக்கு அந்தக் காலத்தில் கொடுத்த பரீட்சை இதுதான்: கணினித் திரையில் ஒரு டிரெய்லர் லாரி, அதைப் பின்னால் எடுத்து, சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கில் சேர்க்கவேண்டும், முன்னால் இழுக்கவே கூடாது. 1989இல் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பாடங்களில் லாரியை டாக்குக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். பிறகு தூரத்தையும் கோணலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஏறக்குறைய 20,000 முறை ரிவர்ஸ் எடுத்துத்தான் அது தேறியது. அதுவும் வெறும் திரையில். டீக்கடைப் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போன குடோன் வாசலில் இல்லை.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலதுபக்கம். வால் வலப்புறமாக வளைந்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இடப்புறம் வளைத்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் கன்டெய்னரின் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தக் குருட்டுப் பக்கத்துக்குக் கண்ணாக இருந்தவர் கிளீனர். "வரட்டும், வரட்டும், லெஃப்டுல ஒடி, ஹோல்டான்!" என்று தகரத்தில் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பார். இப்போது பல வண்டிகளில் அவர் இல்லை. ஒரு சம்பளம் மிச்சம் என்று எடுத்துவிட்டார்கள். டிரைவர் தானே இறங்கி, சுற்றிப் பார்த்து, ஏறி, பத்தடி வந்து, மறுபடி இறங்குகிறார். பின்னால் நிற்கிற கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார்.

டாக்குக்கு எதிரே வண்டியின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது காலி இடம் வேண்டும் என்பது கட்டடம் வரைகிறவர்களுக்குத் தெரியாத கணக்கில்லை. அங்கேதான் பைக் ஸ்டாண்டும் ஜெனரேட்டரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

மாணவியின் கடிதத்தில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. மூன்று முறை முன்னால் இழுத்து, நாலாவது முறையில் டாக்கின் ரப்பரில் உரசாமல் வண்டியைச் சேர்த்துவிட்டாராம் அப்பா. இறங்கிவந்து, "டாய்லெட் எங்கே சார்?" என்று செக்யூரிட்டியிடம் கேட்டாராம். அவர் கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் முள்காட்டைக் காட்டினாராம்.