உறுதி ஓரிடம், பிரதி வேறிடம்

இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த எங்கள் சனத்துக்குப் பிறகு எது கைகொடுத்தது? நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் மூலம் காணிக்காரரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்லும். வீடு எரிந்தாலும் பதிவகத்தில் பிரதி தப்பியிருந்தால் வழியுண்டு.

பருத்தித்துறையில் இப்போது கடைக் கணக்கும் சங்க அங்கத்தவர் விபரமும் கணினியில்தான். நான் பார்த்த சில இடங்களில் எல்லாமே ஒரே வன்தட்டில் கிடக்கிறது.

தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் பரிவர்த்தனைப் பதிவு என்ற தனிக் கோப்பில் வரிசையாக எழுதும். பிறகுதான் பிரதான தரவுக் கோப்பைத் திருத்தும். இடையில் கரண்ட் நின்றால், இந்தப் பதிவைப் பார்த்தே முடிந்த கொடுக்கல் வாங்கலை நிலைநிறுத்தும், அரைகுறையானதை நீக்கும்.

ஞாயிறு இரவு காப்புப் பிரதி எடுத்தீர்கள், வியாழன் மாலை தரவுத் தட்டு பழுதாகிறது என்று வைப்போம். பதிவு வேறு தட்டில் இருந்தால், ஞாயிறுப் பிரதியை மீட்டு, அதன்மேல் நான்கு நாள் மாற்றங்களையும் ஒவ்வொன்றாக ஏற்றலாம். (பழைய பதிவுகளை அழிக்காமல் சேர்த்து வைக்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.) இரண்டும் ஒரே தட்டிலென்றால் நான்கு நாளும் போச்சு.

ஒரு தட்டையே சி, டி எனப் பிரித்து வைத்துவிட்டு ஆறுதலடைபவர்கள் உண்டு. திரையில் இரண்டு, பெட்டிக்குள் ஒன்றுதான்!

தட்டுகள் இரண்டானாலும் ஒரே மேசையடியில் இருந்தால், தீயோ 2004 டிசம்பர் 26இல் வந்த கடலோ இரண்டையும் கொண்டுபோகும். பதிவின் பிரதி ஒன்று நெல்லியடியிலோ யாழ்ப்பாணத்திலோ வேறு கட்டடத்துக்கு நாளாந்தம் போகட்டும். மாதமொருமுறை அதை இன்னொரு கணினியில் மீட்டுப் பாருங்கள்.