இயந்திரத்துக்கு ஏற்ற கலப்பை

பெரும்போகத்தின் முதல் மழை விழுந்ததும் கிண்ணியா வயல்வெளிகளில் உழவு இயந்திரங்களின் சத்தம் தொடங்கிவிடும். சூரங்கல், மகமார், வான்எல என்று எந்தப் பக்கம் போனாலும் அதே சத்தம்தான். அந்த வேளையில் வரம்பில் நின்றபடி, தன் வயலுக்கு எப்போது முறை வரும் என்று காத்திருக்கும் பெண்களையும் காணலாம். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார், தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த பெண்பிள்ளைகள். இவர்களில் பலருக்கு ஒன்றோ இரண்டோ ஏக்கர் காணிதான் வாழ்வாதாரம்.

உழவு ஆண்களின் வேலை என்று எமது சமூகம் நீண்டகாலமாகப் பிரித்து வைத்திருந்தது. களை பிடுங்கலும் கதிர் பொறுக்கலும் பெண்களுக்கு. உழவும் நீர் கட்டுதலும் ஆண்களுக்கு. யுத்தம் இந்தப் பிரிவினையைக் கலைத்துவிட்டது. வயலின் பொறுப்பு பெண்ணின் கைக்கு வந்தது. ஆனால் உழவைப் பற்றிய அறிவை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. எந்தக் கலப்பை, எவ்வளவு ஆழம், எத்தனை தரம் என்பதையெல்லாம் இயந்திரக்காரரே தீர்மானிக்கிறார். ஏக்கர் கணக்கில் காசைக் கொடுத்துவிட்டு, மேலோட்டமாகக் கீறிய உழவையும் "இதுதான் உழவு" என்று அவள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று கிழமையில் கோரை மீண்டும் தலை நீட்டும்போதுதான் காசு வீணானது தெரிகிறது.

சங்கத்துக்குக் கிடைத்த இயந்திரம்

எனக்குப் பழக்கமான மகளிர் சங்கம் ஒன்றுக்கு நிறுவனமொன்று நான்கு சில்லு உழவு இயந்திரத்தை வாழ்வாதார உதவியாகக் கொடுத்தது. 35 குதிரை வலு. நிறை ஏறக்குறைய 1,700 கிலோ. நல்ல இயந்திரம். ஆனால் இயந்திரத்தை ஒரு கொள்வனவிலும் கலப்பையை இன்னொரு கொள்வனவிலும் வாங்கியிருந்தார்கள். வந்து சேர்ந்தது மூன்று தட்டுக் கலப்பை. இரண்டும் பொருந்துமா என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் உழப்போனது பல வருடங்கள் தரிசாகக் கிடந்த காணி. இடப்பெயர்வோடு கைவிடப்பட்டு, பற்றை வெட்டி மீட்கப்பட்ட நிலம். மண் இறுகிப்போயிருந்தது. கலப்பை மண்ணில் இறங்கியதும் பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வரம்பில் ஏறும்போது முன் சில்லுகள் நிலத்தை விட்டுக் கிளம்பின. அரை நாளில் டீசல் தாங்கி வெறுமையானது. ஓட்ட வந்த தம்பி, "இந்த மெசினுக்கு வலு காணாது, ஐம்பது குதிரை வலுவில ஒண்டு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கத்தின் தலைவி ராத்தாவும் மற்றவர்களும் அதை நம்பினார்கள். இருக்கிற இயந்திரத்தை விற்று, மிகுதிக்குக் கடன் எடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. நுண்கடன் எமது பெண்களை என்ன செய்தது என்பதை நான் விபரிக்கத் தேவையில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது. ஆகவே கையெழுத்து வைக்க முன் இன்னொருவரைக் கேட்போம் என்று கந்தளாய்ப் பக்கமிருந்து அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தோம்.

அவர் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். கலப்பையைப் பார்த்தார். "மகள், மெசின்ல பிழையில்ல. சின்னக் கடாவில பெரிய நுகத்தப் பூட்டியிருக்கீங்க" என்றார்.

வலுவா, நிறையா?

அவர் சொன்ன கணக்கைக் கூட்டல், பெருக்கல் தெரிந்த எவரும் போடலாம்.

கலப்பை வெட்டும் அகலத்தையும் ஆழத்தையும் சென்ரிமீற்றரில் எடுத்துப் பெருக்குங்கள். மூன்று தட்டும் சேர்ந்து 90 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் 1,350 சதுர சென்ரிமீற்றர். ஈரப்பதமான இடைத்தர மண் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய அரைக் கிலோ எதிர்ப்புக் கொடுக்கும். அப்படியானால் கலப்பையை இழுக்க 675 கிலோ இழுவை வேண்டும். காய்ந்து இறுகிய களிமண்ணில் அது 0.8 கிலோவாக, சிலவேளை அதைவிடக் கூடுதலாக ஏறும். அப்போது வேண்டிய இழுவை 1,080 கிலோ.

இனி இயந்திரம் எவ்வளவு இழுக்கும்? சில்லு மண்ணைப் பிடித்தால்தான் இழுவை. அந்தப் பிடிப்பைத் தருவது நிறை. உறுதியான நிலத்தில் சாதாரண உழவு இயந்திரம் தன் நிறையில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். 1,700 கிலோ இயந்திரத்துக்கு அது 750 கிலோ அளவில் வரும். ஈர மண்ணில் 675 கிலோவை அது சமாளிக்கும். காய்ந்த மண்ணில் 1,080 கிலோவை ஒருக்காலும் இழுக்காது, சில்லு சுழலும்.

குதிரை வலு போதுமா என்பது அடுத்த கேள்வி. இழுவையை மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பதால் பெருக்கி 270ஆல் பிரித்தால் கலப்பைக்கு வேண்டிய குதிரை வலு கிடைக்கும். 675 கிலோவை 5 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்க 12.5 குதிரை வலு போதும். எஞ்சினில் பிறக்கும் வலுவில் ஏறக்குறைய அரைவாசிதான் வயலில் கலப்பையைச் சென்றடையும். அப்படிப் பார்த்தாலும் 35இல் 17 மிஞ்சுகிறது. ஆக, அந்த வயலில் வலு போதுமாக இருந்தது. போதாதது நிறையும் மண்ணின் ஈரமும்.

திருத்தம் மூன்று வேலைகளில் முடிந்தது. மூன்று தட்டில் ஒன்றைக் கழற்றினார். அகலம் 60 சென்ரிமீற்றராகக் குறைந்தது. காய்ந்த மண்ணிலும் 720 கிலோ இழுவையே தேவைப்பட்டது. (எல்லாத் தட்டுக் கலப்பைகளிலும் இப்படிக் கழற்ற முடியாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.) பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினார். டயரின் அளவைப் பொறுத்து ஒவ்வொன்றிலும் 150 கிலோ அளவில் நிறை கூடும். முன் பக்கத்தில் இரும்புப் பாரம் பூட்டினார். பிறகு, "மண்ணைக் கையில உருட்டிப் பாருங்க. உருண்டு, அமத்தினா உடையிற பதத்தில உழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மழைக்குப் பின் உழவு நடந்தது. கடன் எடுக்கும் பேச்சும் அத்தோடு நின்றது.

மூன்று புயங்களின் கதை

உழவு இயந்திரத்தின் பின்னால் கலப்பையைத் தாங்கும் மூன்று புயங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஏற்பாட்டை உலகில் பரவச் செய்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் (1884 – 1960). மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசையையே இயந்திரத்தின் பின் சில்லுகளை அழுத்தும் பாரமாக மாற்றினார். அதனால் 1946இல் வெளிவந்த அவரது சிறிய சாம்பல் நிற இயந்திரம், தன்னைவிடப் பாரமானவை செய்த வேலையைச் செய்தது. பின் சில்லுக்குப் பாரம் கூடும்போது முன் சில்லு இலேசாகும் என்பதையும் மறக்கக்கூடாது. மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் திரும்பாது. வரம்பில் மல்லாக்கவும் கூடும்.

எமது நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. இருசில்லு இயந்திரத்தை இன்றும் நாம் "லேண்ட் மாஸ்டர்" என்றே அழைக்கிறோம். 1950களில் அந்த இயந்திரத்தை உருவாக்குவதில் முக்கிய பங்கு வகித்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924 – 2010). பிற்காலத்தில் அவரே, நாம் விவசாயத்தை இயந்திரமயமாக்கினோமா, அல்லது எருமையை மட்டும் இயந்திரமாக்கினோமா என்று கேள்வி எழுப்பி, மண்ணைக் குறைவாகக் கிளறும் விவசாயத்தை வலியுறுத்தினார்.

400 கிலோ நிறையுள்ள இருசில்லு இயந்திரம் இழுக்கக்கூடியது 160 முதல் 200 கிலோ வரைதான். ஈர மண்ணில் ஒரு சிறிய கலப்பை, அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. இதனால்தான் அதில் பெரும்பாலும் சுழல் கலப்பை பூட்டுகிறார்கள். ரொட்டவேற்றர் என்று நாம் சொல்லும் இந்தக் கலப்பைக்கு வலு தண்டு வழியாக நேரே போகிறது. சுழலும் கத்திகள் இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளுகின்றன. ஆகவே இங்கு நிறை முக்கியமில்லை, குதிரை வலுதான் கணக்கு. நான்கு சில்லு இயந்திரத்தில் 5 அடி அகலச் சுழல் கலப்பைக்கு 40 குதிரை வலு அளவில் தேவை. சுழல் கலப்பை மண்ணை அழகாகப் பொடியாக்கும். ஆனால் கோரைக் கிழங்கைத் துண்டாக்கிப் பரப்பியும் விடும். கோரை நிறைந்த வயலில் அதை மட்டும் நம்பக்கூடாது.

சேற்றில் கணக்கு மாறும்

புழுதி உழவில் உதவிய நிறை, சேற்று உழவில் எதிரியாகும். நெல் வயலின் அடியில் ஓர் இறுகிய படை இருக்கிறது. நீரைத் தேக்கி வைப்பதும் இயந்திரத்தைத் தாங்குவதும் அதுதான். பாரமான இயந்திரம் அந்தப் படையை உடைத்தால் கட்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். அடுத்த போகத்தில் இயந்திரமும் அதே இடத்தில் புதையும். நீர் கடைசியாக வந்து சேரும் வயல்களுக்கு இது பெரிய நட்டம். எனவே சேற்றுக்கு முன் டயர்த் தண்ணீரை இறக்கி, இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டி, இலேசான கலப்பையைப் பாவிப்பதே நல்லது. நெல்லுக்கு 4 முதல் 6 அங்குல ஆழம் போதும். கரையோர வயல்களில் அதைவிட ஆழமாகப் போனால் அடியிலுள்ள உவர் மண் மேலே வரலாம்.

கேட்க வேண்டியவை, பார்க்க வேண்டியவை

1. இயந்திரம் எத்தனை குதிரை வலு, எத்தனை கிலோ? கலப்பை எத்தனை தட்டு அல்லது கொழு? கூலி பேச முன் கேளுங்கள். உதவியாகக் கிடைக்கும் இயந்திரமானால் கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

2. பின் சில்லில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இடுங்கள். கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது, உழும்போது 10 சுற்றுக்கு எவ்வளவு என்று கயிற்றால் அளவுங்கள். 40 மீற்றர் 35 ஆகக் குறைந்தால் பரவாயில்லை. 32க்குக் கீழே போனால் டீசல் சில்லோடு சுழல்கிறது. கலப்பை பெரிது, அல்லது மண் பதமில்லை.

3. உழுத சாலில் ஒரு குச்சியை இறக்கி ஆழம் பாருங்கள். வயலின் நடுவிலும் பாருங்கள்; வரம்போரத்தில் மட்டும் ஆழமாக உழுதுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

4. இயந்திரம் புதைந்தால் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுக்கவோ, சில்லில் மரக்கட்டை கட்டி ஓட்டவோ விடாதீர்கள். ஓட்டுபவர் சுதாகரிக்க முன் இயந்திரம் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மட்கார்ட்டில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

இத்தாவில் இருக்கும் சகோதரி நான்கு மாதமும் பத்து நாளும் வயலுக்கு வர முடியாது. அந்த நாட்களில் உழவு வந்தால் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி மகனிடமோ மகளிடமோ கொடுத்தனுப்பலாம். சுண்ணக்கட்டியும் கயிறும் பிடிக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கேள்வி கேட்கும் பெண்ணை முதலில் சிலர் சிரிப்பார்கள். அந்தச் சங்கத்து ராத்தாவையும் சிரித்தார்கள். இப்போது இயந்திரக்காரர்கள் அவரது வயலுக்கு வந்தால் கலப்பையை இறக்க முன், "எத்தனை அங்குலம் ராத்தா?" என்று கேட்கிறார்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். விளங்காத இடத்தில் கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியரிடமோ போய்க் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.